இப்சனின் பேய்களும் பிரியூவின் செவிலியும்

ஒரு நோய்க்குக் காவியமொன்று பெயர் சூட்டியதெனின் வியப்பாயிருக்கும். 1530ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவரும் புலவருமான பிரக்காஸ்தோரோ இலத்தீன் மொழியில் இயற்றிய காவியத்திலே, சூரியக் கடவுளை இகழ்ந்த சிபிலசு என்னும் இடையன் உடலெங்கும் புண்பட்டுத் துன்புறுகின்றான். அவன் பெயரே சிபிலிசு என்னும் நோய்க்கு நிலைத்தது. அவ்விடையன் செய்த குற்றம் கடவுட் பழிப்பு. காமம் பற்றிய பேச்சே அங்கில்லை. எனினும் நோயைத் தண்டனையாகக் காணும் நோக்கு அப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் இதனை நேப்பிள்ஸ் நோய் என்றனர். இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். நம்மவர் பறங்கிப்புண் என்றனர். பழியை அயலான் தலையிற் சுமத்துவதில் எல்லா நாட்டாரும் ஒற்றுமை கண்டிருக்கின்றனர்!

சென்ற ஆண்டு எமது உயர்தர வகுப்பு மாணவர் சிலர், பிரெஞ்சு நாடகாசிரியர் பிரியூவின் ‘பழுதுற்றோர்’ என்னும் நாடகத்தைத் தமிழில் மேடையேற்ற விரும்பினர். "இது பள்ளிக்கூடத்துக்கு உரிய விஷயமன்று" என்ற விடையே கிடைத்தது. ஈடிப்பசு மன்னனின் கதையை நாம் தயக்கமின்றிப் படிப்பிக்கின்றோம். தாயை மணந்த மகனின் கதை பழைமையினாலே தூய்மை பெற்றுவிட்டது போலும். அம்மாணவர் பொருட்டாகவே, இந்நோயைப் பொருளாகக் கொண்ட இரு நாடகங்களையும் மீண்டும் படித்தேன்.

முதலாவது இப்சனின் ‘பேய்கள்’. 1881இல் நூலாக வெளிவந்தபோது நோர்வேயில் எழுந்த எதிர்ப்பும், 1891இல் லண்டனில் தனிப்பட்ட சங்கமொன்றின் முயற்சியால் நடிக்கப்பட்டபோது பத்திரிகைகள் அதனைச் சாக்கடைக்கு ஒப்பிட்டு வைததும் இலக்கிய வரலாறு அறிந்தவை. இங்கிலாந்தில் 1914 வரை இந்நாடகத்தைப் பொது அரங்கில் நடிக்க அனுமதி கிடைக்கவில்லை. கண்ணியமான குடும்பம் என்னும் போர்வைக்குள் அழுகிக்கிடந்ததை இப்சன் வெளிப்படுத்தினார். கணவனின் ஒழுக்கக்கேட்டை உலகுக்கு மறைத்து, அவன் பெயரால் அநாதை இல்லமும் கட்டும் திருமதி அல்விங், பாரிசிலிருந்து திரும்பிய மகன் ஒஸ்வால்ட்டின் மூளையை அந்நோயே தின்றுகொண்டிருப்பதை அறிகின்றாள். நாடகக் கட்டுக்கோப்பில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாகல் வேண்டும். தந்தையின் பாவம் மகனைச் சேர்ந்தது என்பதே இந்நாடகத்தின் அடித்தளம். தந்தையிடமிருந்து நேரே குழந்தைக்கு நோய் செல்லும் என்பது அக்கால மருத்துவர் பலரின் நம்பிக்கையுமாகும். உண்மை அவ்வாறன்று. பிறவிச் சிபிலிசு தாயின் வழியாகவே கருவைச் சேர்கிறது. 1906இல் வசர்மான் கண்ட இரத்தப் பரிசோதனை வந்தபின்னரே, வெளித்தோற்றத்திற் சுகதேகிகளாயிருந்த தாய்மார் பலர் தாமும் நோயுற்றிருந்தவரே என்பது தெளிவாயிற்று. அவ்வாறெனில், ஒஸ்வால்ட் நோயோடு பிறந்தவனாயின் திருமதி அல்விங்கும் நோயுற்றவளே! நாடகம் முழுவதிலும் இவ்வெண்ணம் எவருக்கும் எழவில்லை. இதற்காக இப்சனைக் குறைகூறுவது நியாயமன்று. அன்றைய அறிவின் எல்லை அது. ஆனால் யொகானா என்றொரு வேலைக்காரி இருந்தாள். எசமானால் கருவுற்று, கையிற் கொஞ்சப் பணத்தோடு ஒரு தச்சனுக்கு மணம்முடித்து வைக்கப்பட்டவள். அவளுக்கும் அந்நோய் தொற்றியிருக்குமோ என்று மதகுருவும் கேட்கவில்லை, திருமதி அல்விங்கும் கேட்கவில்லை. இதனை அறிவதற்கு இரத்தப் பரிசோதனை தேவையில்லையே.

அக்கேள்வியைக் கேட்டவர் பிரியூ. 1901இல் எழுதிய நாடகத்தைப் பிரெஞ்சுத் தணிக்கை தடுத்தது. 1905இல்தான் பாரிஸ் மேடை கண்டது. சவுதின், ஹொப்மன் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததும் அவ்வாண்டிலேயே.

திருமணம் நிச்சயிக்கப்பட்ட ஜோர்ஜ் என்னும் இளைஞனுக்கு நோய் உள்ளது. சில ஆண்டுகள் பொறுக்கும்படி வைத்தியர் கூறுகின்றார். சீதனமும் அந்தஸ்தும் பொறுக்கவிடுமா? சில மாதங்களிற் குணமாக்குவதாகக் கூறும் போலி வைத்தியனை அவன் நாடுகின்றான். இவ்விடத்திற் பிரியூவின் கூர்மை வியக்கத்தக்கது. சிபிலிசின் முதற் புண் நோவற்றது. மருந்தேயின்றிச் சில வாரங்களில் ஆறிவிடும். பின்னர் தோன்றும் தடிப்பும் தானே மறையும். கிருமியோ உடலினுள் ஆண்டுக்கணக்காய் மறைந்திருந்து, இருதயத்தையும் மூளையையும் தாக்கவல்லது. புண் ஆறியதன் புகழைப் போலி வைத்தியன் தட்டிக்கொள்கின்றான். எமது ஊர்ச் சுவர்களிலும் பத்திரிகைகளிலும் ‘இரகசிய நோய்’ தீர்ப்பதாக விளம்பரம் செய்வோரின் மூலதனமும் இதுதான்.

ஜோர்ஜின் குழந்தை நோயோடு பிறக்கிறது. அதற்குப் பாலூட்ட நாட்டுப்புறப் பெண்ணொருத்தி அமர்த்தப்பட்டிருக்கிறாள். குழந்தையின் வாய்ப்புண் வழியே அவளுக்கும் நோய் தொற்றும், அவளை நிறுத்திவிடுங்கள் என்கிறார் வைத்தியர். பாட்டி மறுக்கிறாள். புட்டிப்பால் கொடுத்தாற் பேரக்குழந்தை இறந்துவிடலாமாம். செவிலிக்கோ பணம் கொடுக்கலாமாம். அந்த அம்மையார் கொடியவரல்லர். பேரக்குழந்தைமீது உயிரையே வைத்திருப்பவர். அதனாலேயே அக்காட்சி நெஞ்சைச் சுடுகிறது. ஒரு வர்க்கத்தின் பாசம் இன்னொரு வர்க்கத்தின் உடலை எவ்வளவு இயல்பாக விலைபேசுகிறது! உண்மையறிந்த செவிலி உரத்துப் பேச, அதனைக் கேட்ட இளம் மனைவி நிலத்தில் வீழ்கின்றாள். அதுவரை அவளுக்கும் எவரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் அங்கம் நாடகமாகத் தேறவில்லை. வைத்தியர் பிரசங்கியாகிவிடுகிறார், நோயாளர் ஒருவர்பின் ஒருவராய்ச் சாட்சிகள்போல் வந்து செல்கின்றனர். இப்சனுக்குப் பின் பிரியூவைத் தலையாய இடத்தில் வைத்துப் பேர்னாட் ஷா எழுதியது மிகையென்றே கருதுகின்றேன். இருந்தும், நோய் விதியின் பிடியிலிருந்து விடுபட்டு மனிதர் தடுக்கக்கூடிய ஒன்றாகியது இந்தக் கரடுமுரடான நாடகத்திலேதான்.

செவிலியின் குரல் எத்துணை அவசியமானது என்பதற்குச் சட்ட வரலாறே சான்று. 1864இல் பிரித்தானியா இயற்றிய தொற்றுநோய்ச் சட்டம், படையினரைக் காக்கும் பெயரால் பெண்களைப் பலவந்தமாகச் சோதித்து அடைத்து வைத்தது, ஆண்களைத் தீண்டவில்லை. 1867இல் இலங்கையிலும் 1868இல் இந்தியாவிலும் இத்தகைய சட்டங்கள் வந்தன. யோசபின் பட்லர் போன்றோரின் நெடும் போராட்டத்தின் பின் 1886இல் பிரித்தானியா தன் சட்டத்தை நீக்கியது.

1943இல் பெனிசிலின் இந்நோயைக் குணமாக்குவது நிறுவப்பட்டது. ஆரம்ப நிலையாயின் இன்று ஓர் ஊசியே போதும். கருவுற்ற தாய்க்குக் காலத்தோடு இரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தாற் குழந்தையைக் காக்கலாம். கணவனும் உடன் சிகிச்சை பெறாவிடில் நோய் மீண்டும் தொற்றும். ஆணுறை இந்நோய்க்கும் வெட்டை நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் எதிரான நல்ல காப்பு. தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை ஏற்றுக்கொண்டது. ஏழை எளிய தாய்மாரும் மகப்பேற்றுக்கு முந்திய இலவசப் பரிசோதனைக்கு வந்ததன் பயன் அது. ஒஸ்வால்ட்டின் கதை இந்நாட்டில் இனி நிகழவேண்டியதில்லை.

ஆனால் கிளினிக்கின் வாசற்படியில் நின்று திரும்பிவிடும் இளைஞனுக்கு அங்கே மருந்திருப்பதும், அவன் பெயர் வெளியே போகாதென்பதும் யார் சொல்வது? சுகாதாரப் பாடத்தில் அப்பக்கங்கள் வரும்போது "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிடும் ஆசிரியரை நான் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன்வரை நானும் அவர்களுள் ஒருவன்.

மேடை கிடைக்காவிடினும் இரண்டாம் அங்கத்தை மட்டும் மொழிபெயர்த்து, மாணவர் வாசிப்பு வட்டத்தில் வாசிக்க ஒழுங்கு செய்திருக்கிறோம். செவிலி எந்தத் தமிழிற் பேசுவது என்பதில் இன்னும் இணக்கமில்லை. வன்னிக் கிராமத்துப் பேச்சில்தான் பேசவேண்டுமென்று ஒரு மாணவி பிடிவாதமாயிருக்கிறாள்.