ஒப்புக்குச் சப்பாணி

மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகள் இருபது முப்பது பேரை ஓரிடத்தில் கூட்டி, பாட்டு, ஆட்டம், களிமண் வேலை, கதை என்று பெரியவர்கள் முன்னரே யோசித்து வகுத்த நியதிப்படி விளையாடச் செய்யும் வழக்கம், இன்று நம் அங்கன்வாடிகளிலும் மழலையர் பள்ளிகளிலும், பிறந்தநாள் வைபவங்களிலும்கூட, கேள்விக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டது. ஒரு வழக்கம் இவ்வளவு தூரம் வேரூன்றிய பின் அதன் குணதோஷங்களை எடைபோட்டுப் பார்ப்பவர் அருகிவிடுகின்றனர். குழந்தைகள் சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். இதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது என்று நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். சிரிக்காத குழந்தை ஒன்று, அநேகமாக நம் கண் படாத பக்கத்தில், அந்த வட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

வழக்கத்தின் பூர்வ வரலாறு நீண்டதில்லை. ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் 1837-ல் ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840-ல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரைச் சூட்டிய ஃபிரோபெல், கம்பளிப் பந்துகளையும் மர உருண்டைகளையும் குழந்தைகளின் கையில் கொடுத்ததோடு நில்லாமல், கைகோத்து வட்டமாக நின்று ஆடும் ஆட்டங்களுக்கும் கல்வியில் ஒரு ஸ்தானம் அளித்தார். 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பணி தொடங்கிய மாண்டிசோரி அம்மையாரோ, ஒவ்வொரு குழந்தையும் தான் தேர்ந்த வேலையில் தானே ஆழ்ந்திருப்பதையே பெரிதும் மதித்தார். கிஜுபாய் பதேகா 1920-ல் பாவ்நகரில் நிறுவிய பாலமந்திரமும், தாராபாய் மோடக் 1945-ல் போர்டி கிராமத்தில் மேற்கொண்ட பணியும் இக்கொள்கைகளை நம் மண்ணுக்கு இசைவித்தன. முற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த 'அங்கன்வாடி' என்ற பெயர், 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 இடங்களில் ஆரம்பமான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் வழியே நாடெங்கும் பரவியது. இங்கே மாண்டிசோரியின் தனிவேலையை ஃபிரோபெலின் வட்டம் வென்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஒரு டீச்சர், ஓர் ஆயா, அடுப்பில் கொதிக்கும் உலை, ஒற்றை அறை, அதில் இருபத்தைந்து குழந்தைகள் என்ற நிலையில், காசு செலவின்றி எல்லோரையும் ஒருசேரப் பிடித்து வைக்க வட்டத்தைவிட வேறு உபாயம் இல்லை.

அந்த வட்டத்தின் பெருமையை நான் குறைத்து மதிக்கவில்லை. தாயின் முந்தானையை விடாமல் வந்து அழுத குழந்தை, மற்றவர்கள் பாடும்போது தன்னையறியாமல் வாயசைக்கத் தொடங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தன் முறை வரும்வரை பொறுத்திருப்பதும், கையில் வந்த பந்தை மனமின்றியேனும் அடுத்தவனிடம் கொடுப்பதும் உபதேசத்தால் வருபவை அல்ல. ஆடி ஆடிப் பழகுவதால் வருபவை. இவற்றைவிட விசேஷமான நன்மை ஒன்றுண்டு. தெருவுக்குத் தெரு வேலியிட்டதுபோல் வாழும் ஊரில், 'எல்லாரும் கையைக் கோத்துக்குங்க' என்று டீச்சர் சொன்னவுடன், பெற்றோர் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காத இரண்டு குழந்தைகளின் விரல்கள் பின்னிக்கொள்கின்றனவே, அந்தக் காட்சியின் முன் எத்தனை மேடைப் பிரசங்கங்களை வைத்தாலும் ஈடாகாது. தானே உருவாகும் தெருவிளையாட்டில், தெரு எப்படியோ விளையாட்டும் அப்படியே. அக்குழந்தைகள் அங்கே சந்திப்பதே அரிது. திட்டமிட்டுக் கூட்டினால்தான் இது சாத்தியம்.

குறைகளுக்கு வருவோம். முதற்குறை காத்திருத்தல். எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து, கரண்டியை வாயில் கவ்வி நடக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது குழந்தைகள், ஒரே கரண்டி, ஒருவருக்கு அரை நிமிஷம் என்று கணக்கிட்டால், பத்து நிமிஷ ஆட்டத்தில் ஒரு குழந்தை ஆடுவது அரை நிமிஷம். நின்றுகொண்டிருப்பது ஒன்பதரை நிமிஷம். அந்த ஒன்பதரை நிமிஷத்தில் முன்னால் நிற்பவளின் பின்னலை இழுத்தால் அதற்குக் 'குறும்பு' என்று பெயரிட்டு அதட்டுகிறோம். நான்கு கரண்டியும் நான்கு வரிசையும் வைத்திருந்தால் அதட்டலுக்கே வேலையிராது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க அம்மையார் 1932-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சின்னஞ்சிறு குழந்தைகள் முதலில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து தனித்தனியே விளையாடுகிறார்கள் என்றும், கூடிச் செய்யும் விளையாட்டு வயது ஏற ஏறவே மிகுகிறது என்றும் காட்டினார். மூன்று வயதுக் குழந்தையை ஐந்து வயதுக் குழந்தைக்குரிய விதியில் நிறுத்திவிட்டு, 'இது ஒத்துழைக்கவில்லை' என்று முறையிடுவது நியாயமாகாது.

இரண்டாவது குறையையே நான் பெருங்குறையாகக் கருதுகிறேன். அது 'அவுட்' என்னும் விதி. பாட்டு நின்றதும் நாற்காலியில் உட்காரும் ஆட்டத்தில் முதலில் வெளியேறுபவன் யார்? எல்லோரிலும் சிறியவன், மெதுவாக ஓடுபவன், பாட்டு நின்றதைக் கவனியாமல் பாட்டிலேயே லயித்திருந்தவன். எவனுக்கு ஓட்டமும் பழக்கமும் அதிகம் தேவையோ அவன் சுவரோரம் உட்கார, எவனுக்கு அவை முன்பே கைவந்தனவோ அவன் கடைசிவரை ஆடுகிறான். நாற்காலியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து, ஆனால் ஒருவரையும் வெளியேற்றாமல், மிஞ்சிய நாற்காலிகளில் எல்லோரும் மடிமேல் மடியாக ஏறிக்கொள்ளலாம் என்று விதியை மாற்றிப் பாருங்கள். எழும் கூச்சலே பதில் சொல்லும்.

வியப்பு யாதெனில், யாரும் திட்டமிடாத நம் தெருவிளையாட்டு இதற்கு வழி கண்டிருந்தது. ஓடிப்பிடித்து ஆடும் பெரிய பிள்ளைகளின் பின்னால் தம்பியோ தங்கையோ ஒட்டிக்கொண்டு வந்தால், அதை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். பிடிபட்டாலும் அதற்கு அவுட் இல்லை. ஆனால் ஓட்டம் உண்டு, கூச்சல் உண்டு, ஆட்டத்தில் இருக்கிறோம் என்ற பெருமிதம் உண்டு. சொல் கரடுமுரடானது; உடல் ஊனத்தைக் கேலியாக்கும் சொல்லை நான் ஆதரிக்கவில்லை. அந்த ஏற்பாட்டின் கருணையை மட்டும் நம் பாடத்திட்டங்களில் தேடுகிறேன். மணி ஒலிக்க, பரிசு காத்திருக்க, முதலாம் இரண்டாம் இடங்களை அறிவிக்கும் ஏற்பாட்டில் அச்சிறு குழந்தைக்கு இடமே இல்லை.

சென்ற ஆண்டு ஓர் அங்கன்வாடியில் முற்பகல் ஒன்றைக் கழித்தேன். குலைகுலையாய் முந்திரிக்காய் ஆட்டம் நடந்தது. வட்டமாக உட்கார்ந்திருந்த குழந்தைகளின் முதுகுப்புறமாக ஒருவன் துணியோடு ஓடி, யாருக்கும் தெரியாமல் ஒருவர் பின்னால் போட, போடப்பட்டவர் எழுந்து அவனைத் துரத்த வேண்டும். துணி மூன்று நான்கு கெட்டிக்காரப் பிள்ளைகளிடையே மாறி மாறிச் சுற்றிற்று. மூலையில் பச்சைப் பாவாடை அணிந்த ஒரு பெண் குழந்தை, ஒவ்வொரு முறையும் ஓடுபவன் கடந்ததும், வலக்கையைப் பின்னால் நீட்டித் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டது. ஆறு முறை எண்ணினேன். ஏழாவது முறைக்குள் டீச்சர் ஆட்டத்தை நிறுத்தி, 'ஓடினவங்க எல்லாம் கையைக் கட்டிக்குங்க. கை கட்டினவங்க பின்னாடி துணி போடக் கூடாது' என்றார். அவ்வளவே. துணி வட்டம் முழுவதையும் சுற்றலாயிற்று. அந்தக் குழந்தையின் பின்னால் அது விழுந்தபோது, எழுந்து துரத்துவதை மறந்து, துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது.

விளையாட்டைத் திட்டமிடும் கலை இத்தகைய விதியில்தான் இருக்கிறதென்பது என் முடிவான அபிப்பிராயம். வண்ணக் காகிதத்திலும் விலையுயர்ந்த சாமான்களிலும் அது இல்லை. இருபது குழந்தைகளும் ஒரே அச்சாகச் செய்த காகித விளக்குகளைச் சுவரில் கண்டால், வெட்டியது யார் கத்தரிக்கோல் என்று கேட்கவே தோன்றுகிறது. ஆண்டு விழாவுக்காக இரண்டு மாதம் ஒரே நடனத்தை மிதிக்கச் செய்வதும் இவ்வகையே. அங்கே விளையாடுகிறவர் பார்வையாளரே.

இத்தனையும் ஒரு டீச்சரால் இயலுமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், சாப்பாடு பரிமாற வேண்டும். அவரிடம் மேலும் ஒரு சுமையை ஏற்றுவது தர்மமன்று. நான் கண்ட டீச்சர் அதற்கெனத் தனி நேரம் எதையும் ஒதுக்கவில்லை. குழந்தைகள் கை கழுவச் சென்றபோது, வருகைப் பதிவேட்டின் ஓரத்தில், ஆட்டம் முடியும்வரை துணி வந்து சேராத மூவர் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். கேட்டதற்கு, 'நாளைக்கு இவங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கணும் சார்' என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுக்கப் போனார்.