தப்பைத் தானே காட்டும் பொம்மை

பொம்மைக் கடையில் இப்போது எந்தப் பெட்டியை எடுத்தாலும் 'எஜுகேஷனல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கிலுகிலுப்பையும் அறிவு வளர்க்கிறது, ரோபோவும் அறிவு வளர்க்கிறது. அட்டையில் இருப்பதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் தவழ்கிற வயதிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சில சாமான்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் நான் வைத்த சோதனை ஒன்றுதான். குழந்தை தப்பாகச் செய்தால், அது தப்பு என்று அந்தப் பொம்மையே காட்டுகிறதா? பெரியவர்கள் யாரும் வாய் திறக்காமல் குழந்தையே கவனித்துத் திருத்திக்கொள்ள முடிகிறதா? இதில் தேறும் பொம்மை மரத்தில் செய்ததாக இருந்தாலும் சரி, சர்க்யூட் போர்டாக இருந்தாலும் சரி, கொடுத்த காசுக்குத் தகும்.

தேறாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பொத்தானை அமுக்கினால் பேசும் எழுத்துப் பலகை. எந்தப் பிறந்த நாள் விழாவிலும் இரண்டாவது வந்து சேர்ந்துவிடுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை உள்ளங்கையால் நாலு பொத்தானைச் சேர்த்து அடித்தாலும் பலகை ஏதோ ஒரு எழுத்தைச் சொல்லிப் பாட்டுப் பாடுகிறது. வினா-விடை முறைக்கு மாற்றி வைத்தேன். "மாடு எங்கே?" என்று கேட்டது. தப்பான பொத்தானை அமுக்கியதும் வந்த 'டொய்ங்' சத்தம், சரியான விடைக்கு வந்த கைதட்டலைவிடக் குழந்தைக்குப் பிடித்துப்போனது. அந்தச் சத்தத்துக்காகவே தப்பான பொத்தான்களைத் தேடித் தேடி அமுக்கினாள். மாட்டுக்கும் அந்தப் பொத்தானுக்கும் என்ன தொடர்பு என்பது அவள் மனதில் ஏறவே இல்லை.

அதைவிடப் பெரிய குறை, பலகை பேசும்போது வீட்டில் மற்ற எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவது. அமெரிக்காவில் 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் 26 ஜோடிகளாக வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. மின்னணுப் பொம்மையோடு விளையாடுகையில் பெற்றோர் நிமிடத்துக்குச் சுமார் 40 சொற்கள் பேசினார்கள்; சாதாரணப் பொம்மையோடு 56; படப் புத்தகத்தோடு 67. சின்ன ஆய்வுதான். ஆனால் எங்கள் கூடத்தில் நான் பார்த்ததும் அதேதான். அந்த வயதுக்கு வேண்டிய பேச்சை மனிதர்கள் பேச வேண்டும். பலகையை வாங்காதீர்கள்.

அதே வயதுக்கு நடைவண்டி. மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி. பிடித்து நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு இதற்கு இணையான கருவி இன்னும் வரவில்லை என்பதே என் எண்ணம். வேகமாகத் தள்ளினால் வண்டி முன்னே ஓடும், கால் பின்தங்கும், பிடி நழுவும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைக் குழந்தையின் உடம்பே அந்த நேரத்திலேயே கற்றுக்கொள்கிறது. சுவரில் முட்டி நின்றதும் முதலில் அழுகை. பிறகு வண்டியைப் பின்னுக்கு இழுத்துத் திருப்பப் பார்ப்பார்கள். அப்போது போய்த் திருப்பிவிடாமல் சற்றுப் பொறுத்திருங்கள்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் சோதியுங்கள். கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் தூக்கினால் அந்த வண்டி வேண்டாம். குழந்தை பிடித்து எழும்போது அப்படியே பின்னால் சாயும். டைல்ஸ் தரையில் மரச் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். சக்கரத்தில் பழைய டியூப் ரப்பரை வளையமாக வெட்டி மாட்டினோம், நடுவில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டினோம், நிதானமாகிவிட்டது. குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் வட்ட வாக்கர் வேறு சாதனம். அதில் தடுமாற்றமே தெரியாது, வேகம் மட்டும் இருக்கும். படிக்கட்டில் உருளும் ஆபத்தால் கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

அடுத்து, இரண்டரை வயதிலிருந்து நான்கு வரைக்கும் மாண்டிசோரி உருளைக் கட்டை. நீள மரக்கட்டையில் 10 குழிகள், ஒவ்வொன்றிலும் பொருந்தும் குமிழ் வைத்த 10 உருளைகள். முழுத் தொகுப்பில் இப்படி நான்கு கட்டைகள். ஒன்றில் குறுக்களவு மாறும், ஒன்றில் உயரம் மாறும், மற்றவற்றில் இரண்டுமே மாறும்.

தம்பி மகள் இதை எடுத்து உட்கார்ந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். மெல்லிய உருளை ஒன்றை அகலமான குழியில் போட்டாள். விழுந்துவிட்டது. அவளைப் பொறுத்தவரை அது சரி. அடுத்தடுத்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் தடித்த உருளை ஒன்று கையில் மிஞ்சியது, மெல்லிய குழி ஒன்று காலியாக இருந்தது. அழுத்திப் பார்த்தாள். திருப்பிப் போட்டு அழுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வரிசையை உற்றுப் பார்த்து, ஆடிக்கொண்டிருந்த மெல்லிய உருளையைக் குமிழைப் பிடித்துத் தூக்கினாள். "இது இங்க இல்ல" என்றாள் தனக்குத் தானே. எவ்வளவு எழுத்துப் பலகைகள் கைதட்டினாலும் இந்த ஒரு வரியை அவளிடமிருந்து வரவைக்க முடியாது.

பொருளே பிழையைக் காட்ட வேண்டும் என்பது மரியா மாண்டிசோரியின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அவர் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939-ல் சென்னைக்கு வந்தவர். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, சென்னையிலும் கொடைக்கானலிலும் மற்ற ஊர்களிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

மலிவு விலையில் கிடைக்கும் சில உருளைக் கட்டைகளில் உருளைக்கும் குழிக்கும் ஒரே வண்ணம் பூசியிருக்கிறார்கள். அதை எடுக்க வேண்டாம். சிவப்பைச் சிவப்பில் போட்டால் வேலை முடிந்தது, அளவைக் கண்ணால் எடை போடும் வேலையே போய்விடுகிறது. வண்ணம் பூசாத மரமே வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊறி உருளைகள் குழியில் இறுகுவதும் உண்டு. கடையிலேயே எல்லாவற்றையும் போட்டு எடுத்துப் பாருங்கள், குமிழைப் பிடித்து ஒரே இழுப்பில் வர வேண்டும்.

பெட்டி மேல் போட்டிருக்கும் வயதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். '3+' என்று இருந்தால், 'என் பிள்ளை கெட்டிக்காரன், இரண்டிலேயே விளையாடுவான்' என்று வாங்கிப்போகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த எண் பிள்ளையின் புத்தியைப் பற்றியதே அல்ல, தொண்டையைப் பற்றியது. மூன்று வயதுக்கு உட்பட்டோர் பொம்மைகளைச் சோதிக்கும் உருளைக் குப்பியின் வாய் 31.7 மி.மீ. அதற்குள் முழுசாக அடங்கும் எந்தத் துண்டும் மூச்சை அடைக்கலாம். நம் பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ. அதைவிடச் சற்றுப் பெரிய துண்டுகூட ஆபத்துதான் என்று நினைவில் வையுங்கள். பட்டன் பேட்டரி அறைக்கு ஸ்க்ரூ மூடி இல்லாத பொம்மையை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். உதிரும் காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து நெரித்துக்கொண்டு ஒட்டும்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் தயாரிப்பாளர் பெயர் வரும். கடையிலேயே நின்று செய்யலாம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே சன்னபட்டணத்து மரப் பொம்மையில் முத்திரை இல்லையென்று பயப்பட வேண்டாம். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசலில் வைத்து, சுழலச் சுழல வண்ண அரக்கை அழுத்தி மெருகேற்றுகிறார்கள். பாரம்பரிய முறையில் செய்ததா, அதே சாயலில் எனாமல் பெயின்ட் அடித்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

லெகோ, டூப்லோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை வயதுக்கு மேல் டூப்லோ, நான்கு வயதுக்கு மேல் சின்ன லெகோ. டூப்லோ கட்டை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு. சாதாரண லெகோ அதன்மேல் பொருந்தும், அதனால் வாங்கியது வீணாவதில்லை. 1958-ல் செய்த கட்டை இன்றைய கட்டையோடு சேரும். விலைதான் கண்ணைக் கரிக்கிறது. குறிப்பிட்ட ஒரு கப்பலோ காரோ மட்டும் கட்டும் பெட்டியை விட்டுவிட்டு, வெறும் கட்டைகள் உள்ள பெட்டியாக எடுங்கள். எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால் அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணிதப் பேராசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மலிவான மாற்றுக் கட்டைகளில் இரண்டைச் சேர்த்து, மேல் கட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கீழே விழுந்தாலும் வேண்டாம், பிரிக்கப் பல்லைத் தேட வேண்டியிருந்தாலும் வேண்டாம்.

ஐந்தாறு வயதுக்கு நான் பரிந்துரைக்கும் கணக்குக் கருவி பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 முத்து. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும், அடுத்த குழி வெறுமையாக இருக்குமா, அதற்கடுத்த குழியில் எவ்வளவு கிடைக்கும் என்று பிள்ளை வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டால் மனக்கணக்கு ஓடுகிறது என்று பொருள். தப்பாக எண்ணியிருந்தால் கடைசி முத்து நினைத்த குழியில் விழாது. அவ்வளவுதான் திருத்தம். முத்தாகப் புளியங்கொட்டையோ சோழியோ போடுங்கள். குன்றிமணி மட்டும் கூடவே கூடாது. மென்று விழுங்கினால் உயிரைப் பறிக்கும் விஷம் அதில் இருக்கிறது. அழகுக்காக அதை வைத்து விற்கும் பலகைகளை இன்னமும் பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது.

ஏழு வயதுக்கு மேல், சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வ் டியூப் ஒரு முழம். அரவிந்த் குப்தா சொல்லிக்கொடுத்த வித்தை இது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளரான அவர் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டியே வாழ்நாளைச் செலவிட்டார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சிகளை இரு பக்கமும் செருகினால் மூட்டு தயார். நான்கு குச்சியில் சதுரம் செய்து மூலையில் அழுத்தச் சொன்னேன். சாய்ந்து படுத்தது. மூன்றில் முக்கோணம் செய்து அழுத்தினால் அசையவில்லை. "சதுரத்த எப்படி நிக்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். அக்கா மகன் மூட்டுகளை மாற்றி, இன்னும் இறுக்கிச் செருகி, என்னென்னவோ செய்தான். கடைசியில் குறுக்கே ஒரு குச்சி வைக்கப் போனான். எட்டவில்லை. குறுக்குக்கு நீளமான குச்சி வேண்டும் என்று அவனே அடுப்படியில் போய் விளக்குமாற்று ஈர்க்கு முறித்து வந்தான். மறுநாள் மின்கோபுரத்தைக் காட்டி, "எல்லாம் முக்கோணம்தான் சித்தி" என்றான். இதற்கு ஆன செலவைச் சொன்னால் பெட்டி விற்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

எட்டு வயதிலிருந்து சர்க்யூட் கிட் நல்லது. ஸ்னாப் சர்க்யூட்ஸ் வகையில் உதிரிகளைச் சட்டைப் பொத்தான் போல அழுத்தி மாட்டினால் போதும், சால்டரிங் வேண்டாம். எல்.இ.டி.யைத் தலைகீழாக மாட்டினால் எரியாது, அதுதான் பாடம். பல்பையும் மோட்டாரையும் ஒரே வரிசையில் மாட்டினால் இரண்டுமே மந்தமாகும், அது அடுத்த பாடம். குறை ஒன்று இருக்கிறது. கூடவே வரும் புத்தகத்தில் எந்த உதிரியை எந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும் என்று படம் போட்டிருப்பதால், யோசிக்காமலே முழுப் புத்தகத்தையும் முடித்துவிடலாம். பிள்ளைக்குக் கை பழகியதும் புத்தகத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "இந்த மின்விசிறியை மெதுவாச் சுத்தவை பார்ப்போம்" என்று கேளுங்கள். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பித் துண்டால் இணைத்தால் கை சுடும் அளவுக்குச் சூடேறும். இந்த ஒரு தப்பைப் பிள்ளை தானாகக் கற்க விடாமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பத்து, பதினோரு வயதுக்கு மேல் மைக்ரோபிட். உள்ளங்கையில் பாதி அளவுப் பலகை, 25 எல்.இ.டி., இரண்டு பொத்தான், அசைவை உணரும் சென்சார். 2016-ல் பிரிட்டனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுமார் பத்து லட்சம் பலகைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பிரவுசரில் வண்ணக் கட்டங்களை அடுக்கினால் புரோகிராம் ஆகிவிடும். எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகன் காலடியை எண்ணும் கருவி செய்தான். அசைந்தால் ஒன்று கூட்டு, எண்ணைக் காட்டு, அவ்வளவுதான். கணுக்காலில் கட்டிக்கொண்டு மாடியில் நடந்தான். நடந்ததைவிடக் கூடுதலாகக் காட்டியது. "அத்தை, கால தூக்கறப்ப ஒண்ணு, வைக்கிறப்ப ஒண்ணு எண்ணுது" என்று அவனே கண்டுபிடித்து, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பிறகு கொஞ்சம் நிற்கும்படி கட்டளை சேர்த்தான். ஓடிப் பார்த்தால் இப்போது குறைவாகக் காட்டியது. அதோடு அன்று மாலை போயிற்று.

வாங்குவதற்கு முன், அந்தக் கட்டங்களை அடுக்கும் மேக்கோட் தளத்திலேயே இருக்கும் சிமுலேட்டரில் இலவசமாகவே ஓட்டிப் பார்க்கலாம், பலகையே தேவையில்லை. பிள்ளை அதில் ஈடுபட்டு, நிஜப் பலகை வேண்டும் என்று கேட்ட பிறகு வாங்குங்கள். இரண்டாம் பதிப்பான வி2 தானா என்று பார்த்து எடுங்கள், ஸ்பீக்கரும் மைக்கும் அதில்தான் உண்டு. டேட்டா போகும் மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிளாகக் கேளுங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் புரோகிராம் இறங்காது. இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரி போடும் பெட்டியும் சேர்த்து வாங்கினால்தான் பலகையைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மாடிக்குக் கொண்டுபோக முடியும்.