‘லீப் இயர்’: நாள் கடந்து கேட்கப்பட்ட கேள்வி

2010 ஜனவரியில் வெளியான ‘லீப் இயர்’ என்ற ஹாலிவுட் காதல் படம், லீப் ஆண்டின் பிப்ரவரி 29 அன்று பெண் தானே முன்வந்து ஆணிடம் ‘என்னை மணந்துகொள்வாயா’ என்று கேட்கலாம் என்னும் அயர்லாந்து மரபின் மேல் கட்டப்பட்டது. தயங்கும் ஆண்களுக்காகப் பெண்கள் காலமெல்லாம் காத்துக் கிடப்பதைப் பற்றிப் புனித பிரிஜித் புனித பேட்ரிக்கிடம் முறையிட்டார் என்றும், ஏழாண்டுகளுக்கு ஒருமுறை கேட்கலாம் என்று அவர் இசைந்ததை வாதாடி நான்காகக் குறைத்தார் என்றும் அங்கே ஒரு கதை வழங்குகிறது. 1288-இல் ஸ்காட்லாந்தின் அரசி மார்கரெட் இதையே சட்டமாக்கினார் என்பாரும் உண்டு. ஆனால் அந்த ஆண்டில் அவர் நார்வேயில் வளர்ந்துகொண்டிருந்த ஐந்து வயதுக் குழந்தை. கேட்ட பெண்ணை மறுக்கும் ஆண், தண்டமாகக் கையுறையோ பட்டாடையோ வாங்கித் தர வேண்டும் என்ற வழக்கமும் இதனுடன் சேர்ந்தது. சலுகைபோல் தோன்றும் இந்த மரபு, ஒரு நாளைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு மற்ற நாட்களையெல்லாம் ஆணுக்கே எழுதி வைக்கிறது என்பதை உணர்ந்து எடுக்கப்பட்டிருப்பதே இப்படத்தின் அழகு.

டெபோரா கேப்லான், ஹாரி எல்ஃபோன்ட் இருவரும் எழுதி ஆனந்த் டக்கர் இயக்கிய இப்படத்தின் நாயகி ஆனா (ஏமி ஆடம்ஸ்), பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வரும் வீடுகளை வாங்க வருவோரின் கண்ணுக்கு நிறைவாக அலங்கரித்துக் கொடுப்பவள். மோதிரத்தை எதிர்பார்த்திருந்தவளுக்குக் காதலன் ஜெரமி காதணிகளைக் கொடுத்துவிட்டு மாநாட்டுக்காக டப்ளினுக்குப் போய்விட, பாட்டி காலத்து மரபைத் தந்தை நினைவூட்ட, பிப்ரவரி 29-க்குள் அவனிடம் போய்ச் சேர்ந்து தானே கேட்டுவிடுவது என்று அவள் புறப்படுகிறாள். புயல் விமானத்தை வேல்ஸுக்குத் திருப்பிவிடுகிறது. படகு அவளை டிங்கிளில் இறக்கிவிடுகிறது. அங்கே கடனில் மூழ்கிய மதுவிடுதி ஒன்றை நடத்தும் டெக்லன் (மேத்யூ குட்) கூலி பேசி அவளை அழைத்துச் செல்கிறான். தீர்மானத்தோடு மணம் முடிக்கக் கிளம்பிய பெண்ணைக் கடலும் காற்றும் மறிக்கும் இந்த அமைப்பு, பவலும் பிரஸ்பர்கரும் 1945-இல் எடுத்த ‘ஐ நோ வேர் ஐயாம் கோயிங்’ படத்திலிருந்து வரும் வழி. அந்தப் படத்தின் கடற்சுழிக்கு நிகரான காட்சி எதுவும் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாடு மறிக்கும் சாலை, சகுனம் பேசும் கிழவர்கள் என்று அயர்லாந்தைப் பழைய அச்சிலேயே வார்த்திருக்கிறார்கள் என்ற விமர்சகர்களின் குறையும் நியாயமானதே.

ஆயினும் பாழடைந்த கோட்டைக்கு இருவரும் ஏறும் காட்சியில் படம் தன் மரபைவிடப் பழைய ஒன்றைத் தொடுகிறது. கதையில் பாலிகார்பரி என்று பெயர் பெறும் அந்த இடம் உண்மையில் லீஷ் மாவட்டத்தின் டனமேஸ் குன்று; டிங்கிளாகக் காட்டப்படும் ஊரும்கூட அரன் தீவுகளில் ஒன்றான இனிஷ்மோரில் படமாக்கப்பட்டதே. அங்கே டெக்லன் சொல்வது டியர்மட், கிரான்யா ஆகியோரின் கதை. முதிய தலைவன் ஃபின்னுக்கு மணம் பேசப்பட்ட கிரான்யா, விருந்தினருக்கு மயக்க பானம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன்னை அழைத்துச் செல்லுமாறு டியர்மட் மேல் ‘கேஷ்’ இடுகிறாள். கேஷ் என்பது வீரன் மீறவே முடியாத ஆணை. எந்தத் துறவியின் அனுமதியும், எந்தக் குறித்த நாளும் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஆனாவோ இக்கதையைத் தன்னை மயக்கும் பேச்சென்று தள்ளிவிடுகிறாள். அதற்குள் அவள் பிடிக்க வேண்டிய ரயில் போய்விடுகிறது.

அன்றிரவு தங்கும் வீட்டில் கணவன் மனைவியாக நடிக்க நேர்ந்த இருவரையும், உணவு மேசையில் மற்ற தம்பதிகள் முத்தமிட்டுக் காட்டி, அவர்களையும் முத்தமிட வைக்கிறார்கள். நடிப்பாகத் தொடங்கும் அந்த முத்தம், நடிப்பு தீர்ந்த பிறகும் ஒரு கணம் நீள்கிறது. அந்தக் கணத்தை ஏமி ஆடம்ஸ் ஒரு சொல்லும் இன்றி, முகத்தில் படரும் திகைப்பு ஒன்றினாலேயே நிறுவிவிடுகிறார். கதையின் திருப்பம் நிகழ்வது இந்த மேசையில்தான். பின்னால் வருவதெல்லாம் அதை அவள் ஒப்புக்கொள்ள எடுத்துக்கொள்ளும் காலம்.

டப்ளினில் அவள் வாய் திறக்கும் முன்பே ஜெரமி மண்டியிட்டுவிடுகிறான். கடல் தாண்டி அவள் கொண்டுவந்த கேள்வி கேட்கப்படாமலே போகிறது. அந்த உரிமை யாருக்காக ஏற்பட்டதோ அவள் அதைப் பயன்படுத்தவே இல்லை. பாஸ்டனில் குடியிருப்பு ஒன்றைப் பெறுவதற்காகவே அவன் மணம் பேசினான் என்று தெரிந்ததும், வீடு பற்றி எரிந்தால் அறுபது வினாடிக்குள் எதை எடுப்பாய் என்று டெக்லன் கேட்டிருந்ததை நினைத்து அவள் தீ எச்சரிக்கை மணியை இயக்குகிறாள். ஜெரமி தன் மின்கருவிகளை அள்ளிக்கொள்ள ஓடுகிறான். உவமை கொஞ்சம் வெளிப்படைதான், ஆனாலும் கச்சிதமாக வந்து விழுகிறது.

டிங்கிளுக்குத் திரும்பும் ஆனா, விடுதி நிறைந்திருக்கும் வேளையில் எல்லார் எதிரிலும் டெக்லனிடம் கேட்கிறாள்: திருமணத்தை அல்ல, எந்தத் திட்டமும் போடாமல் சேர்ந்திருப்பதை. அன்று பிப்ரவரி 29 இல்லை. ஒவ்வொரு மணியையும் கணக்கிட்டு வாழ்ந்தவள் திட்டமின்மையை வேண்டுவதும், நாட்காட்டி தந்த அனுமதி காலாவதியான பின் தன் துணிவில் கேட்பதும் ஒரே செயலாகிவிடுகின்றன. அவன் பதில் சொல்லாமல் உள்ளே போக, மறுப்பென்று நினைத்து அவள் குன்றின் விளிம்புக்கு நடக்கிறாள். அவன் போனது தன் தாயின் மோதிரத்தை எடுக்க என்று பிறகுதான் தெரிகிறது. திட்டம் வேண்டாம் என்ற அவள் கோரிக்கையை மறுத்து, அவளோடு திட்டம் போடவே விரும்புவதாகச் சொல்லி அவன் மண்டியிடுகிறான். கேட்டவள் அவள், அவன் மண்டியிடுவது அவள் கேள்விக்கு மறுமொழியாக மட்டுமே.