நாற்சந்தியில் நிற்பவன்

ஆழ்வார்திருநகரிக்காரனைப் புளியமரத்தைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. மற்ற ஊர்களில் அது பேயின் குடியிருப்பு. எங்கள் கோயில் உறங்காப்புளியோ நம்மாழ்வார் பேசாமல் அமர்ந்திருந்த இடம். ஆகவே பேய்ப் படம் என்றால் நான் கொட்டாவி விடுகிறவன். போன மாதம் அக்காள் மகன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிய ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

1943-இல் வெளிவந்த 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி'. தயாரித்தவர் வால் லூட்டன். டைரக்டர் ஜாக் டூர்னர். பெயரைப் பார்த்து மூன்றாந்தரச் சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். தலைப்பு கம்பெனி கொடுத்தது. லூட்டன் அதற்குள் 'ஜேன் அயர்' நாவலை ஒளித்து வைத்துவிட்டார்.

மேற்கிந்தியத் தீவு ஒன்றில் கரும்புத் தோட்டத்துத் துரை. அவர் மனைவி நடமாடுகிறாள், பேச்சில்லை, நினைவில்லை. கவனித்துக்கொள்ளக் கனடாவிலிருந்து வந்த நர்ஸ், துரைமீது மனத்தைப் பறிகொடுக்கிறாள். அதனாலேயே அவர் மனைவியைக் குணப்படுத்த வேண்டும் என்று துடிக்கிறாள்! டாக்டர் கைவிட்ட பிறகு, ஓர் இரவு அவளைக் கைப்பிடித்துக் கரும்புக் காட்டின் வழியே வூடூ பூசை நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறாள். வசனமே இல்லாத அந்த நடை ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம். வெண்ணிற உடை, கருந்தோகை, காற்று. திடீரென்று எதிரே இமைக்காத கண்களுடன் ஒரு நெட்டைக் கறுப்பு மனிதன். அவன் பெயர் கர்ஃபூர். பிரெஞ்சில் நாற்சந்தி என்று பொருள். நம் ஊரிலும் கழிப்புக் கழித்துப் போடுவது சந்தியில்தானே!

ஸாம்பி என்பது ரத்தம் குடிக்கும் பேயல்ல, உழைக்கும் பிணம். ஹைத்தியில் அடிமைகளாகக் கரும்பு வெட்டிய ஆப்பிரிக்கர்களின் அச்சத்திலிருந்து பிறந்தது என்கிறார்கள்: செத்தாலும் விடுதலை இல்லையோ என்ற அச்சம். 1932-இல் வந்த 'ஒயிட் ஸாம்பி'யில் பிணங்களே கரும்பாலை ஓட்டும். ஒருவன் யந்திரத்தில் விழுந்தாலும் மற்றவர்கள் நிற்பதில்லை. டூர்னர் அவ்வளவு உரக்கப் பேசவில்லை. துரை வீட்டு முற்றத்தில் அடிமைக் கப்பலின் முகப்புச் சிலை ஒன்றை நிறுத்தியிருக்கிறார். நர்ஸை அழைத்துவரும் வண்டிக்காரன், தன் முன்னோர் விலங்கிட்டு வந்த கதையைச் சொல்கிறான். அழகான இடத்துக்குத்தான் வந்தீர்கள் என்கிறாள் அவள். அவன் பணிவாக ஆமோதிக்கிறான். அந்தப் பணிவு சுடுகிறது.

நமக்கு இது அந்நியக் கதையும் அல்ல. 1848-இல் பிரெஞ்சு ஆட்சி அடிமைமுறையை ஒழித்ததும், தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-இல் மார்ட்டினீக்குக்கும் மறு வருஷம் குவாதலூப்புக்கும் கப்பலில் போய் இறங்கிய கூலிகளில் தமிழர் ஏராளம். மாரியம்மனையும் கூடவே கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே அவளுக்குப் பூசை உண்டு.

இங்கேதான் எனக்கு டூர்னரோடு வழக்கு. வூடூவைக் கேலி செய்யாதவர், கதவுக்குப் பின்னிருந்து பேசும் தெய்வக் குரலை மட்டும் துரையின் தாயாருடையதாக்கிவிட்டார். கண்ணீரெல்லாம் வெள்ளைக்காரச் சீமாட்டிக்கே போகிறது. கர்ஃபூருக்கு ஊருண்டா, உறவுண்டா? ஒரு வரி இல்லை.

படம் முடிந்ததும் பையன் கேட்டான்: "மாமா, அந்த நெட்டையன் உசுரோட இருக்கப்போ என்ன வேல பாத்தான்?"

"கரும்புதாண்டா வெட்டியிருப்பான்" என்றேன்.