எழுதப்படாத புத்தகத்துக்காகக் காத்திருப்பவர்கள்

எழுதுகிறவன் உலகத்தைப் படைப்பதில்லை. எங்கோ ஏற்கெனவே இருக்கிற ஒரு உலகத்துக்குப் பாதை போடுகிறான், அவ்வளவுதான். இது எந்த விமர்சகனும் முன்வைத்த சித்தாந்தமல்ல. ‘மிஸ்ட்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வரிசையின் அடியில் ஓடுகிற நம்பிக்கை. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற இரு சகோதரர்கள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரத்தருகே, ஸயன் என்ற தங்கள் நிறுவனத்தில் ஒரு சிறு குழுவோடு செய்து 1993-ல் வெளியிட்டது. வரிசையில் ஐந்தாவதும் இறுதியுமானது 2005-ல் வந்தது. ‘யுகங்களின் முடிவு’ என்பதே அதன் பெயர். முடிவு என்று அட்டையிலேயே அச்சிட்டுக் கொடுத்த பிறகும் ஆறாவதற்காகக் காத்திருக்கிற கூட்டம் ஒன்று உலகமெங்கும் இருக்கிறது. நானும் அதில் ஒருவன். இந்தக் காத்திருப்பு என்ன மாதிரியான காரியம், அதற்கு ஏதாவது நியாயம் உண்டா என்று எனக்கு நானே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு புத்தகத்தைத் திறக்கிறோம். அதில் ஒரு தீவின் படம் அசைகிறது. அதன்மீது கையை வைத்தால் அந்தத் தீவின் துறையில் நிற்கிறோம். மனிதர் யாரும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வாரும் இல்லை. எதிரி கிடையாது, நேரக்கெடு கிடையாது, சாகவும் முடியாது. ஒரு நூலகம், எரிந்துபோன புத்தகங்கள், தப்பிப் பிழைத்த சில குறிப்பேடுகள். சிவப்புப் புத்தகம் ஒன்றில் ஸிர்ரஸ், நீலப் புத்தகம் ஒன்றில் அகெனார் என்று சகோதரர் இருவர் சிறைப்பட்டிருக்கிறார்கள். விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அவர்களுடைய தகப்பன் ஏட்ரஸ் எழுதிய உலகங்களுக்கு ‘யுகங்கள்’ என்று பெயர். அந்த யுகங்களில் நடந்து, பிள்ளைகள் விட்டுப்போன அறைகளைப் பார்த்துப் பார்த்து, யாரை நம்புவது என்று நாமே முடிவுசெய்ய வேண்டும். மனிதர்களை அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களிலிருந்து படிப்பது, இதுதான் மிஸ்ட் நமக்குத் தருகிற ஒரே வேலை.

இதன் உருவம் தேவையிலிருந்து பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஹைபர்கார்ட் என்ற மென்பொருளில், அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, சுமார் 2,500 அசையாத படங்களால் ஆனது மிஸ்ட். அன்றைய சிடி மெதுவாகத்தான் படிக்கும். ஆகவே ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சின்ன மௌனம். இந்த மௌனத்தைத்தான் நாங்கள் பிற்பாடு ‘சூழல்’ என்றும் ‘தனிமை’ என்றும் பெரிய பெயர்கள் சூட்டிக் கொண்டாடினோம். கையில் இருந்த கருவியின் ஊனத்தைக் கலைஞன் தன் குரலாக மாற்றிக்கொண்டான் என்று சொல்வதுதான் சரி. அந்த ஊனம் இல்லாத இன்றைய கருவியில் அந்தக் குரலைக் கேட்பது எப்படி என்பது, ஆறாவது மிஸ்டைக் கேட்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம். யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. மிஸ்ட் 60 லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது என்பதையே திரும்பத் திரும்பச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். விற்பனை எதற்கும் சாட்சியல்ல.

1997-ல் ‘ரிவன்’ வந்தது. வரிசையின் சிகரம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதில் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. குழந்தைகள் எண் கற்க அங்கே ஒரு பொம்மை. கயிற்றில் ஒரு சின்ன மனிதன் தொங்குகிறான். கீழே வாயைத் திறந்தபடி ஒரு கடல் மிருகம். ஒரு எண்ணின் குறி தெரியும். அத்தனை படி மனிதன் இறங்குவான். கடைசியில் மிருகத்தின் வாய்க்குள் போவான். வேற்று மொழியின் எண்களை, 25-ஐ அடியாகக் கொண்ட எண்களை, விளையாடுகிற நாமும் இந்தப் பொம்மையைத் தட்டித்தான் கற்றுக்கொள்கிறோம். கற்காமல் கதவுகள் திறக்கா. அந்தத் தீவுகளின் கொடுங்கோலன் எப்படித் தண்டிப்பான், குழந்தைகளுக்கு எதைப் பாடமாக வைப்பான் என்பதும் எண்ணோடு சேர்ந்தே நமக்குள் இறங்குகிறது. தகவல் என்று தனியாக எதுவும் இல்லை. புதிர் என்று தனியாக எதுவும் இல்லை. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றாவது என்று நாம் ஓயாமல் பேசுகிற விஷயத்துக்கு இதைவிட ஸ்தூலமான உதாரணத்தை நான் இந்தக் கலையில் கண்டதில்லை.

அந்தக் கொடுங்கோலன் பெயர் கென். ஏட்ரஸின் தகப்பன். அவனும் யுகங்களை எழுதுகிறவன்தான். ஆனால் எழுதும் விதம் வேறு. அழிந்துபோன டுன்னி நாகரிகத்தின் பழைய புத்தகங்களிலிருந்து நன்றாக அமைந்த வாக்கியங்களைப் பெயர்த்தெடுத்துத் தன் புத்தகத்தில் ஒட்டவைக்கிறான். ஒவ்வொரு வாக்கியமும் அழகு. ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவு அவனுக்குத் தெரியாது. ஆகவே அவன் யுகங்கள் நிலைப்பதில்லை, வெடிக்கின்றன, நொறுங்குகின்றன. ரிவன் அவனுடைய ஐந்தாவது யுகம். நாம் அதில் நடக்கும்போதே அது சிதைந்துகொண்டிருக்கிறது. தானே அந்த உலகத்தைப் படைத்தவன், தானே அதன் கடவுள் என்றும் அவன் நம்புகிறான். ஏட்ரஸுக்கும் அவனுக்கும் உள்ள பகைமையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: அடுத்த பாகம் என்ற பிரச்னையைப் பற்றிய தீர்ப்பை இந்த வரிசை தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. பழைய புத்தகங்களின் நல்ல வாக்கியங்களைச் சேர்த்து ஒட்டினால் என்ன ஆகும் என்பதை கென்னின் கதை சொல்கிறது. நாம் கேட்பது அதைத்தான்.

மிகை என்று தோன்றலாம். என் நண்பர் ஒருவரோடு இதைப் பற்றி நீண்ட நேரம் பேசியிருக்கிறேன். புதிய மிஸ்டில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று அவர் விரல்விட்டு எண்ணினார்: ஒரு தீவு, ஒரு நூலகம், பொறிகள் நிறைந்த ஒரு கோபுரம், பாதி எரிந்த ஒரு குறிப்பேடு, தூரத்தில் ஒலிக்கும் ஒரு இயந்திரம். கேட்டுக்கொண்டே வந்தவன், இதையெல்லாம் சேர்த்தால் கென்னின் புத்தகம்தானே வரும் என்றேன். அவர் கோபித்துக்கொண்டார். ‘‘உங்கள் பட்டியலைச் சொல்லுங்கள்’’ என்றார். சொல்லிப் பார்த்தேன். அவருடையதும் என்னுடையதும் ஒன்றுதான். கோபுரத்துக்குப் பதிலாக எனக்கு ஒரு கண்ணாடி மாடம் வேண்டியிருந்தது.

வந்துவிட்ட தொடர்ச்சிகளையே எடுத்துக்கொள்வோம். மூன்றாவதை 2001-ல் ப்ரெஸ்டோ ஸ்டுடியோஸ் செய்தது. அது வெறும் நகலாகாமல் தப்பியதற்குக் காரணம் ஸாவெட்ரோ என்ற ஒரே மனிதன். ஏட்ரஸின் பிள்ளைகள் தன் உலகத்தைச் சீரழித்துவிட்டுத் தன்னை வருஷக்கணக்கில் தனியே தவிக்க விட்டுப்போன கணக்கைக் கேட்க அவன் வருகிறான். நாம் நேசித்த குடும்பம் மற்றவர்களுக்கு என்ன விலை வைத்தது என்ற கேள்வி புதியது, உள்ளேயிருந்தே எழுந்தது. நான்காவதை 2004-ல் யுபிஸாஃப்டின் மாண்ட்ரியல் கிளை செய்தது. முதல் விளையாட்டின் முடிவில் ஏட்ரஸ் சிவப்பு, நீலப் புத்தகங்களை எரித்துவிடுகிறான். நூலகத்துக்குத் திரும்பினால் அவை இருந்த இடங்களில் கரிந்த தழும்பு மட்டும் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு தகப்பன் எரித்தானா என்ற கேள்வியோடு நம்மை விட்டுவிடுகிறது மிஸ்ட். நான்காவது அந்தக் கேள்வியை எடுத்துப் பதில் தயாரித்தது: பிள்ளைகள் சாகவில்லை, அவை வெறும் சிறை யுகங்கள், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். காட்சிகள் செழிப்பானவை, சந்தேகமில்லை. ஆனால் ஒரு மௌனத்தைப் பேசவைத்து அதன் மதிப்பைக் குறைப்பது எப்படி என்பதற்கு அதுவே பாடம். ரசிகனின் ஆசை நிறைவேறிய இடத்தில் படைப்பின் முதுகெலும்பு முறிந்தது.

ஐந்தாவதை ஸயனே செய்தது. அதன் முடிவில் நம் கையில் ஒரு கற்பலகை இருக்கும். பெரும் ஆற்றல் உள்ள பலகை. அதைத் தங்களிடம் தரச்சொல்லி இருவர் கேட்கிறார்கள். இருவருக்கும் தராமல், அடிமைப்பட்டுக் கிடந்த பஹ்ரோ என்ற உயிர்களிடம் விட்டுவிடுவதுதான் சரியான முடிவு. 2003-ல் வந்த ‘ஊரு’வும் இப்படித்தான்: தேடித் தேடிச் சேர்த்ததை மறுபடி கொண்டுபோய் வைக்கச் சொல்லும். பன்னிரண்டு வருஷம் ஓடிய ஒரு வரிசை கடைசியாகச் சொன்னது, கையில் உள்ளதைக் கீழே வை என்பதே. கேட்டுவிட்டு, சரி, ஆறாவது எப்போது என்கிறோம்.

இவ்வளவோடு நிறுத்தினால் ரசிகர்களைக் கேலி செய்துவிட்டுப் போன ஒரு கட்டுரையாக இது நின்றுவிடும். அது பொய்யாகும். ஊருவில் பலர் ஒன்றாக வாழும்படி அமைத்த பகுதி 2004-லேயே மூடப்பட்டது. 2007-ல் கேம்டாப் அதைத் திறந்தது. 2008-ல் அதுவும் மூடப்பட்டது. 2010-ல் ஸயன் அதை இலவசமாகத் திறந்தது. செலவுக்கு விளையாடுகிறவர்கள் நன்கொடை தந்தார்கள். 2011-ல் அதன் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டது. பிறகு ரசிகர்கள் தாங்களே எழுதிய யுகங்களும் அதில் சேர்ந்தன. ரிவனை முப்பரிமாணத்தில் மறுபடி கட்ட ஒரு ரசிகர் குழு கூலியில்லாமல் பல வருஷம் உழைத்தது. கடைசியில் ஸயன் அவர்களோடு சேர்ந்து 2024-ல் புதிய ரிவனை வெளியிட்டது. அதில் புதிர்கள் சிலவற்றை மாற்றியிருந்தார்கள். பழைய விடைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்த நான், தெரிந்த அறையில் தெரியாதவனாக நின்றேன். 27 வருஷத்துக்குப் பின் கிடைத்த அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் புரிந்தது, நான் காத்திருந்தது ஒரு விளையாட்டுக்காக அல்ல. முதல் முறை துறையில் நின்றபோது இருந்த என் அறியாமைக்காக. அதை எந்த நிறுவனமும் தயாரித்து விற்க முடியாது. அதைச் சுலபமாகத் தரக்கூடியது பழைய பெயர் இல்லாத ஒன்றுதான். அப்படியும் ஒன்று வந்தது. 2013-ல் ஆதரவாளர்களிடம் பணம் திரட்டி 2016-ல் ஸயன் வெளியிட்ட ‘அப்டக்‌ஷன்’. அன்னிய பூமியின் நடுவில், பெயர்த்து வைத்ததுபோல ஒரு துண்டு அமெரிக்க நிலம், வேலி போட்ட ஒரு வெள்ளை வீடு. கென்னின் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. நான் என்ன செய்தேன்? முதல் ஒரு மணி நேரம் அந்த வீட்டில் ஏட்ரஸின் புத்தகம் எங்காவது கிடைக்கிறதா என்று தேடினேன். கண்ணெதிரில் இருந்த உலகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் காத்திருப்பின் உண்மையான கெடுதல் இதுதான். வராததற்காக நாங்கள் ஏங்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை. வந்ததைப் பார்க்க முடியாத கண்களை அந்த ஏக்கம் எங்களுக்குத் தந்துவிட்டது.

காத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டென்று இப்போது நினைக்கிறேன். காத்திருந்து காத்திருந்து எழுத ஆரம்பித்தவர்கள். ஊருவில் யுகம் கட்டியவர்கள் இவர்கள். அவர்கள் கட்டியவற்றில் பல கென்னின் வழியிலேயே ஒட்டுப்போட்டவையாக இருக்கலாம். ஆனால் கட்டுகிறவனுக்கு எங்கே பொருந்தவில்லை என்பது தெரிய வரும். கேட்டுக்கொண்டே இருப்பவனுக்கு ஒருபோதும் தெரியாது. மற்றவர்கள் என் நண்பரையும் என்னையும் போலப் பட்டியல் வைத்திருப்பவர்கள்.

சென்ற வாரம் பழைய மிஸ்டை மறுபடி முடித்தேன். ஏட்ரஸ் தன் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். வேலை இருக்கிறது, நீ விரும்பியபடி சுற்றிப் பார் என்கிற பாவனையில். நூலகத்துக்குத் திரும்பினேன். சுவரில் அந்தக் கரிந்த தழும்புகள். அங்கே வேறொரு புத்தகம் வைக்கும்படி இனி யாரையும் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன். ஆறாவது வந்தால் வாங்க மாட்டேனா என்று நண்பர் கேட்டார். வாங்குவேன். ஆனால் என் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.