வடம் தாங்கும், இடுப்பு தாங்குமா?

பாறசாலையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில் இரண்டு நாள், தொடையையும் தோளையும் சேர்த்துக் கட்டும் ஒரு ஃபுல் பாடி ஹார்னஸ் தொகுப்பை மாட்டிப் பார்த்தேன். களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கம் தேங்காய் வெட்டுகிறவர்கள் பலரும் காலில் மாட்டும் தளைநாரை நம்பித்தான் ஏறுகிறார்கள். பெல்ட் வாங்கியவர்களும் இடுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எல்லோருக்கும் பயம், வடம் அறுந்துவிடுமோ என்று. ஆனால் ஆபத்து, விழுகிறவர் நிற்கிற விதத்தில் இருக்கிறது. 80 கிலோ ஆள் 2 மீட்டர் விழுந்தால் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். நீளாத வடம் அதைப் பத்து சென்டிமீட்டருக்குள் பிடித்து நிறுத்தினால் சுமார் 16 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை டன்னுக்கு மேல், இடுப்பில் இறங்கும். வடம் தாங்கும், முதுகெலும்பு தாங்காது. விழுபவரைப் பிடிக்க இடுப்பு பெல்ட் கூடாது என்று அமெரிக்காவில் 1998இலேயே தடை வந்துவிட்டது.

ஹார்னஸ் அந்த விசையைத் தொடைக்கும் தோளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஹார்னஸை மேலே பிணைக்கும் வடமான லேன்யார்டில், மடித்துத் தைத்த நாடாவாக ஷாக் அப்சார்பரும் உண்டு. 50 கிலோ மணல் சாக்கைக் கட்டி ஒரு மீட்டர் விழவிட்டேன். சடசடவென்று தையல் ஏறக்குறைய ஒரு சாண் பிரிந்தது, சாக்கு மெதுவாக நின்றது. விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரம். ஒருமுறை பிரிந்ததை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

"எல்லாம் சரி மக்கா, மேல எதுல மாட்டுவே?" என்றார் நாற்பது வருடமாக ஏறுகிற மாமா. சரியான கேள்வி. மட்டையில் மாட்டினால் மட்டையோடு வர வேண்டியதுதான். 2 மீட்டர் லேன்யார்ட், பிரிகிற நாடா, ஆளின் உயரம் எல்லாம் சேர்த்தால் கீழே 6 மீட்டருக்கு மேல் காலி இடம் வேண்டும். குட்டைத் தென்னையில் அதற்குள் தரை வந்துவிடும். ஆகவே தென்னைக்கு இதைவிட, மரத்தைச் சுற்றி நெஞ்சளவில் இறுக்கி, ஏற ஏறத் தள்ளிக்கொண்டு போகும் குட்டை வடமே நல்லது. குலையின் அடியில் அதைக் கழற்றும் முன் இரண்டாவது வடத்தை மாட்ட வேண்டும். இந்தத் தொகுப்பில் இரண்டாவது வடம் இல்லை. பெரிய குறை.

தொங்கியும் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் தொடை மரத்துவிட்டது. இறக்கிவிடக் கீழே ஆள் இல்லாமல் ஏறக் கூடாது. வாங்கும்போது இந்தியத் தர எண் 3521 இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் நாள் மாலை வடத்தைக் கையால் உருவிப் பார்த்தபோது அரிவாள் பட்ட கீறல் விரலில் தட்டியது. நகக்கண் அளவுதான். உள்ளே எஃகுக் கம்பி ஓடும் வடம் வாங்கித் தருகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, கீறல் பட்ட வடத்தை அங்கேயே இரண்டாக வெட்டிப் போட்டேன்.