ஜிப்ஸிக்கு ஆறு இன்ச்: கிட் மேல கிட் போடுறதைப் பற்றி ஒரு முணுமுணுப்பு

அக்கா மகன் பழைய ஜிப்ஸி கிங் ஒன்று வாங்கியிருக்கிறான். போன மாசம் வீட்டுக்கு வந்தவன் ஒரு தாளை நீட்டினான். "மாமா, ஆட்-எ-லீஃப் 2 இன்ச், நீள ஷாக்கிள் 2 இன்ச், பாடி லிஃப்ட் 2 இன்ச். மூணும் போட்டா ஆறு இன்ச் வந்துடும்ல?" அதற்குப் பிறகு கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போகப் போகிறானாம். எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்தத் தாளைப் படித்ததிலிருந்து எழுந்த குறிப்புகள்தான் இவை.

எனக்கு லிஃப்ட் கிட் மேல் விரோதம் கிடையாது. "கம்பெனிக்காரன் கொடுத்ததைத் தொடாதே" என்கிற கோஷ்டியிலும் நான் இல்லை. முப்பது வருஷ ஸ்ப்ரிங் எப்படியும் உட்கார்ந்துதான் இருக்கும், அதை மாற்றுவது பராமரிப்பு. என் சண்டை கூட்டல் கணக்கோடுதான். 2, 2, 2 என்று எழுதியிருக்கும் மூன்றும் ஒரே பொருளின் அளவுகள் இல்லை.

ஷாக்கிளை எடுத்துக்கொள்வோம். லீஃப் ஸ்ப்ரிங்கின் ஒரு முனை சேசிஸில் நிலையாக இருக்கிறது, மறுமுனை ஷாக்கிளில் தொங்குகிறது. ஆக்ஸில் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய நடுவில். ஒரு முனையை மட்டும் 2 இன்ச் இறக்கினால் நடுப்பகுதி 1 இன்ச்தானே இறங்கும்? ஊஞ்சல் பலகையின் ஒரு பக்கக் கயிற்றை மட்டும் நீட்டிப் பாருங்கள், அதே கதை. ஆக, கடையில் 2 என்று விற்பது வண்டியில் 1.

பாடி லிஃப்ட் இன்னும் வேடிக்கை. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்து பாடியை மட்டும் தூக்குவது அது. சேசிஸ், எஞ்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய உயரத்திலேயே நிற்கும். பெரிய டயருக்கு வீல் ஆர்ச்சில் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். கல்லில் அடிபடும் அடிவயிறு ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. ரேடியேட்டர் பாடியோடு ஏறிவிட்டால் ஃபேன் ஷ்ரௌடின் நடுவிலிருந்து விலகும். ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் நீளம், கியர் லீவர் ஓட்டை என்று சில்லறை வேலைகள் வரிசை கட்டும்.

அப்புறம், யாரும் வாயைத் திறந்து சொல்லாத விஷயம் ஒன்று. ஜிப்ஸியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். வண்டியிலேயே தாழ்வான இடம் டிஃபரன்ஷியல் குண்டு. சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் அது தரையிலிருந்து உயராது. உயர்த்துவது டயர் மட்டும்தான். 28 இன்ச் டயருக்குப் பதில் 30 போட்டால் பாதி வித்தியாசம், அதாவது 1 இன்ச் கிடைக்கும். மருமகனின் ஆறு இன்ச் கணக்கு இப்படி முடிகிறது: சேசிஸுக்கு அடியில் 3, பாடிக்கு 5, டிஃபரன்ஷியலுக்குப் பூஜ்யம்.

கிடைக்கிற அந்த 3 இன்ச்சும் சும்மா வருவதில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசணும். ஏன்னா ஒவ்வொரு கிட்டும் தனியாக ஒழுங்காகத்தான் இருக்கும், சேர்க்கும்போதுதான் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும்.

ஜிப்ஸியின் முன் ஸ்ப்ரிங்கில் ஷாக்கிள் இருப்பது முன்முனையில். அதை நீட்டினால் ஸ்ப்ரிங்கின் மூக்கு தாழும், அதோடு ஆக்ஸிலும் முன்பக்கமாக உருளும். விளைவு, காஸ்டர் கோணம் குறையும். நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கைத் தானாக நடுவுக்குக் கொண்டுவருவது அந்தக் கோணம்தான். அது குறைந்தால் வண்டி ரோட்டில் இடமும் வலமும் மேய ஆரம்பிக்கும். இதற்கு மருந்து, ஆக்ஸிலுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் இடையில் ஆப்பு வைப்பது. ஆப்பு வைத்தால் காஸ்டர் திரும்பி வரும், ஆனால் முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே பார்க்கும். டிரான்ஸ்ஃபர் கேஸோ ஏற்கெனவே 3 இன்ச் மேலே போய்விட்டது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கோணம் மோசமாகும். ஸ்டீயரிங்கைக் காப்பாற்றப் போய் ஜாயின்ட்டைச் சாகடிக்கிறோம். 1 இன்ச்சில் இந்த இரண்டும் சமாதானமாக இருக்கும், மூன்றில் மல்லுக்கட்டும்.

ஸ்டீயரிங்கின் டிராக் லிங்க்கும் அப்படியே. கிடையாக இருக்கவேண்டிய கம்பி சரிந்து நிற்கும். ஒரு சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். மலை வளைவில் இது கைக்குத் தெரியும்.

ஆட்-எ-லீஃப் உயரத்தோடு விறைப்பையும் கொண்டுவருகிறது. ஜிப்ஸியின் முதுகு உடைக்கும் சவாரி ஏற்கெனவே ஊரறிந்தது. அதற்கு இன்னொரு பட்டை சேர்த்தால், கரடுமுரடான இடத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். தூக்கியது எதற்கோ அதுவே கெட்டுப்போகிறது. ஷாக் அப்சார்பரைப் பழசாகவே விட்டால் முழுசாகத் தொங்கும்போது அதுதான் முதலில் முட்டும். நீளமாக மாற்றி பம்ப் ஸ்டாப்பை அப்படியே விட்டால், அமுங்கும்போது ஷாக் உள்ளே இடிக்கும். பிரேக் ஹோஸ் நீளத்தை யார் பார்த்தார்கள்? தாளில் அந்த வரியே இல்லை.

கவிழ்வதைப் பற்றியும் சொல்லணும். அமெரிக்காவில் இதற்கு ஒரு எளிய அளவு உண்டு: வலது இடது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரண்டு மடங்கால் வகுப்பது. ஜிப்ஸி கிங்கின் அகலம் சுமார் 1,300 மிமீ. உதாரணத்துக்கு ஈர்ப்பு மையம் 650 மிமீ என்று வைத்தால் விடை 1. டயர், ஸ்ப்ரிங், பாடி எல்லாம் சேர்ந்து அதை 100 மிமீ தூக்கினால் 0.87. கூரையில் கேரியர், அதில் சாமான் என்று ஏற்றினால் இன்னும் குறையும். ஜிப்ஸியின் உடன்பிறப்பான சுஸுகி சமுராயை 1988-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை கவிழும் அபாயத்தைச் சொல்லி ஏற்கத்தக்கதல்ல என்றது. சுஸுகி 1996-ல் வழக்குப் போட்டு, 2004-ல் சமரசமாக முடிந்தது. யார் சொன்னது சரி என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சண்டை நடந்தது தூக்காத வண்டியை வைத்து.

சட்டம் தனி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் அடியில் குனிந்துதான் பார்ப்பார்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப எதுவுமே போட வேணாமா மாமா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டான். அப்படி இல்லை. கொல்லிமலைத் தார் ரோட்டுக்கு லிஃப்ட்டே வேண்டாம். காட்டுப் பாதைக்கு என்றால் கொஞ்சம் வளைவு கூடிய புது ஸ்ப்ரிங் செட் ஒன்று, அதற்கு ஏற்ற ஷாக், ஹோஸ், பம்ப் ஸ்டாப், உரசாத அளவுக்கு ஒரு படி பெரிய டயர். அதிலேயே நிறுத்திக்கொள்ளலாம். டயர் பெரிசானால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வைக்கணும். 28-லிருந்து 30-க்குப் போனால் 60 காட்டும்போது உண்மையில் 64.

தாளில் பாடி லிஃப்ட்டை அடித்துவிட்டான். ஷாக்கிள் வரியில் பேனா நின்றது. "அது ஏற்கெனவே வாங்கிட்டேன் மாமா," என்றான்.